பழைய அம்பாசடருக்கு ஹவுஸ் வயர் போடலாமா, நல்ல வயர் எங்கே வாங்குவது?

சரி, அடுத்த கேள்வி தக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணே, அப்பா ஓட்டின 1972 மாடல் மார்க் 2 அம்பாசடர் வீட்டில் நிற்கிறது. வயரிங் தொட்டாலே பொடிந்து கொட்டுகிறது. எலக்ட்ரிக்கல் கடையில் நல்ல ஹவுஸ் வயர் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) இருக்கிறது, அதுவும் செம்புதானே, அதையே போட்டால் என்ன? இல்லையென்றால் சரியான வயர் எங்கே கிடைக்கும்?"

போடாதீர்கள் தம்பி. செம்பில் குறை இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்கொயர் ஹவுஸ் வயரிலும் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டரில் 14 இழைதான், ஆட்டோ கேபிளிலும் அதே 14 இழைதான். வித்தியாசம் மேல்தோலில். வீட்டு வயர் பைப்புக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்தது, சாதாரணமாக 70 டிகிரி வரைக்கும்தான் அதற்குக் கணக்கு. பானட்டுக்குள் இன்ஜின் புகை வெளியேறும் மேனிஃபோல்டின் சூடு, ஆயில், பெட்ரோல், ஓயாத அதிர்வு, எல்லாம் சேர்ந்து வரும். என் பழைய ஃபியட்டில் அவசரத்துக்கு நானே ஹவுஸ் வயர் இழுத்தேன்; இரண்டு வருடத்தில் இன்ஜின் பக்கம் போன துண்டு மட்டும் முருங்கைக் குச்சி மாதிரி விறைத்துப்போய், வளைத்ததும் தோல் பிளந்து செம்பு வெளியே தெரிந்தது. கடையில் ஆட்டோ கேபிள் என்றே கேளுங்கள், ஐ.எஸ். 2465 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள், வண்டி வயருக்கான தரம் அதுதான்.

ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. பழைய வயரிங்கை அறுத்து எறியாதீர்கள், முழு செட்டாகக் கழற்றித் தரையில் விரித்துப் போடுங்கள். நீங்கள் வாங்க வேண்டிய லிஸ்ட் அதுதான். ஒவ்வொரு வயரிலும் ஒரு முனையைச் சீவி, இழைகளை வெள்ளைத் துணியில் பிரித்து எண்ணுங்கள். 14 வரும், 28 வரும், 44 வரும். அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து வந்த வண்டி. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வயர் இழை 0.012 இன்ச், அது இன்றைய 0.30 மில்லிமீட்டரேதான். அதனால் எண்ணிக்கையை அப்படியே கடையில் சொல்லலாம், 14-க்கு ஒரு ஸ்கொயர், 28-க்கு இரண்டு, 44-க்கு மூன்று. இதில் கை வைத்துக் குறைக்க வேண்டாம். ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 10 ஆம்பியர் இழுக்கும். ஒரு ஸ்கொயர் வயரில் 5 மீட்டர் ஓடினால் முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 28 இழையில் அது பாதியாகிவிடும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை எடுத்துவிட்டு, அதைவிட அதிகக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் வைத்திருந்தால் பழைய அளவு பற்றாது, மெயின் வயர் 65 அல்லது 84 இழைக்குப் போக வேண்டும்.

கலர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரிக்கல் கம்பெனியின் பழைய முறையில் காப்பிக்கலர் பேட்டரியில் இருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதே சாவி கரண்ட் ஃபியூஸைத் தாண்டிய பிறகு, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கருப்பு எர்த். காப்பிக்கலருக்கு ஃபியூஸ் கிடையாது, அது உரசினால் நெருப்புதான், அதனால் அதற்கு மட்டுமாவது விலை பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் சிவப்பிலேயே இழுத்துவிட்டு, நாலு வருடம் கழித்து மழை நேரத்தில் மார்த்தாண்டம் ரோட்டோரம் டார்ச் அடித்துத் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

நாகர்கோவிலில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் மீட்டர் கணக்கில் தருவார்கள், ஆனால் நாலைந்து கலர்தான் இருக்கும். கோடு போட்ட இரட்டைக் கலர் வேண்டுமென்றால் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் சொல்லி பார்சலில் வரவழைப்பது நல்லது. அதுவும் கிடைக்காத கலருக்கு, இருக்கிற கலரை வாங்கி இரண்டு முனையிலும் நம்பர் ஸ்லீவ் (எண் அச்சடித்த சின்னக் குழாய்) மாட்டி நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கரண்ட் கடத்தும், எனக்கே ஒரு ரோல் அப்படித் தலையில் கட்டினார்கள். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் பயப்படாதீர்கள், அது வெள்ளீயம் பூசியது. குளச்சல், முட்டம் பக்கம் வண்டி நிற்கிறவர்கள் அதைத்தான் தேடி வாங்க வேண்டும், உப்புக்காற்றில் சாதாரணச் செம்பு தோலுக்கு உள்ளேயே பச்சை பிடித்துக் கறுத்துப்போகும், அப்புறம் அதில் சால்டரே ஒட்டாது.

அளக்கும்போது ஒவ்வொரு வயருக்கும் முனைக்கு ஒரு சாண் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், முனையில் லக் (இணைப்புக் கொண்டி) அடிக்கும்போது கொஞ்சம் வெட்டத்தான் வேண்டிவரும்.