குழந்தை இருக்கும் வீட்டில் கைவேலை: சுகமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். சின்னக் குழந்தைகளை வளர்க்கும் வீட்டில் கேக்கும் தையலும் கைவேலையும் சுகமா, சுமையா என்பது தலைப்பு. சுகமே என்பது எங்கள் அணி. தலைப்பை இந்த இடத்திலேயே சற்று ஓரமாக வைத்துவிடுகிறேன். ஏனென்றால், எனக்கு முன் பேசிய பேராசிரியை அம்மையார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் இன்றிரவு என் அண்ணி எனக்குச் சோறு போட மாட்டார்.

"பிள்ளை பெற்ற வீட்டில் தையல் மெஷினில் துணி தைத்து நான் பார்த்ததில்லை, துணி காயப்போட்டுத்தான் பார்த்திருக்கிறேன்" என்றார் அம்மையார். உடனே முன்வரிசையில் ஆண்கள் எழுப்பிய கைதட்டலை நான் குறித்து வைத்துக்கொண்டேன். ஐயா, அந்த மெஷினின் மேல் காய்கிற ஈரத் துண்டு யாருடையது? மனைவியுடையதா, குழந்தையுடையதா? குளித்துவிட்டு வந்து, கொடி நான்கடி தள்ளி இருக்கிறதே என்று மெஷின் மேல் போட்டுவிட்டுப் போன கை, இப்போது கைதட்டிய அதே கைதான்.

அம்மையார் கேலி செய்த அந்த மெஷினைப் பற்றிக் காந்தியடிகள் என்ன சொன்னார் என்று கேளுங்கள். 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், இயந்திரம் என்றாலே உங்களுக்கு ஆகாதா என்று அவரிடம் கேட்டார். பிற்பாடு 1947-இல் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கினாரே, அதே ராமச்சந்திரன்தான். மனிதன் கண்டுபிடித்த உருப்படியான சில பொருள்களில் சிங்கர் தையல் மெஷினும் ஒன்று, அதற்கு விலக்கு உண்டு என்று காந்தியடிகள் பதில் சொன்னார். மனைவி ஊசியும் நூலுமாகக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் செய்த பொருள் அது என்பது அவர் சொன்ன காரணம்.

உண்மையைச் சொன்னால், வரலாறு இந்தக் கதைக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. சிங்கருக்கு முன்பே, 1846-இல், எலியஸ் ஹோவ் என்பவர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிங்கர் வாங்கியது 1851-இல். அந்தச் சிங்கருக்கோ குடும்பம் ஒன்றல்ல. பிள்ளைகள் 20-க்கும் மேல். நடுவர் அவர்களே, 20 பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க வேண்டிய வீட்டில் மெஷினைக் கண்டுபிடிக்காமல் மனிதன் வேறு என்னதான் செய்வான்? நம் அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. துணி காயப்போடுவதுதான் நோக்கமென்றால் பத்து முழம் கயிறு கொடுத்தால் போதாதா?

அடுத்து, கடையில் வாங்குவது மலிவு என்று எதிரணி ஒரு கணக்குப் போட்டது. மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். குழந்தை ஊசியை எடுத்துவிடும், பட்டனை வாயில் போட்டுவிடும் என்றார்கள். அதுவும் சரிதான், இரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் பட்டன் டப்பாவை வைக்கிறவர் எங்கள் அணியிலும் இல்லை. பெரிய நூற்கண்டை உருட்டிவிட்டால் அது பாட்டுக்கு விளையாடும். இனி அண்ணியின் கேக்குக்கு வருகிறேன்.

என் அண்ணன் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில்தான் கேக். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்துச் சூடேற்ற வேண்டும். வெண்ணெய் தடவி மைதா தூவிய அலுமினியக் கிண்ணத்தில் மாவை ஊற்றி அதற்குள் இறக்கினால், சிறு தீயில் முக்கால் மணி நேரம். அப்பாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு அண்ணி இப்படி ஒரு கேக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய நான்கு வயது மகள் அடுப்படி வாசலில் முக்காலியைப் போட்டு, கையில் ஈர்க்குச்சியோடு உட்கார்ந்துகொண்டாள். குத்திப் பார்க்கும் அதிகாரம் அவளுடையது. முதல் நிமிடம்: "வெந்துருச்சாம்மா?" இல்லை. இரண்டாவது நிமிடம்: "இப்ப?" இல்லை. மூன்றாவது நிமிடத்தில் தாத்தாவும் எழுந்து வந்து, "வெந்துருச்சாம்மா?" என்றார். நான்கு வயதுக்கும் எழுபது வயதுக்கும் கேக் விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

அண்ணி கொல்லைப்பக்கம் போன நேரத்தில் தாத்தா மூடியைத் தூக்கினார், பேத்தி குத்தினாள். தயிரும் ஆப்ப சோடாவும் சேர்ந்து எழுப்பிய காற்று மாவுக்குள் குமிழ் குமிழாக நிற்கும். மாவு வெந்து இறுகுவதற்குள் சூடு இறங்கிவிட்டால் குமிழ்கள் அமுங்கிப்போகும். கேக் நடுவில் குழிந்தது. அண்ணி திரும்பி வந்து பார்த்தபோது தாத்தா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். குழந்தை மட்டும் அசையாமல் சொன்னாள்: "அம்மா, கேக்குல கிணறு வந்துருச்சு." அண்ணி திட்டவில்லை. கிணறு என்றால் தண்ணீர் வேண்டுமே என்று ஜாமை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஊற்றினாள். ஓரத்தில் முந்திரியை நட்டுக் கைப்பிடிச் சுவர் கட்டினாள்.

நடுவர் அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் சிரிக்கவில்லை. அவருக்காக அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்கிறேன். ஜாம் கிணறு, முந்திரிச் சுவர், பக்கத்தில் வாளி இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டில் மூடி! கதை இதோடு முடியவில்லை. மறு வருடம் வேலைப்பளுவில் என் அண்ணன் பெரிய பேக்கரியில் ரோஜாப்பூ வைத்த கேக்கை வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்ததும் குழந்தை எட்டிப் பார்த்து, சுற்றி வந்து, மறுபடி எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "கிணறு எங்கப்பா?" எழுபத்தொரு வயதுக்காரரும் கேட்டார்: "ஆமா, கிணறு எங்கடா?"

அம்மையார் அவர்களே, மெஷினைப் பற்றி நீங்கள் பேசியதால் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் தாயார் அக்காவுக்குப் பாவாடை தைக்கும்போது, வளர்கிற பிள்ளை என்று, கீழே நான்கு விரல் அகலம் உள்ளே மடித்துவிட்டுத் தைப்பார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் அந்தத் தையலைப் பிரித்து ஒரு மடிப்பு இறக்குவார். வெளுத்த துணிக்குக் கீழே வெயில் படாத அந்தப் பட்டை மட்டும் புதுச் சாயத்தோடு தெரியும். பழைய தையல் இருந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். வருடத்துக்கு ஒரு கோடு. சுவரில் பென்சிலால் குறித்து எங்கள் உயரத்தை அவர் அளந்ததில்லை. கைக்குழந்தையாக நான் மடியில் கிடக்க, மெஷினை மிதித்துக்கொண்டே அவர் தைத்ததாக அக்கா சொல்லுவாள். அந்தச் சத்தம் நின்றால் நான் விழித்துக்கொள்வேனாம், அதற்காகவே துணி இல்லாமலும் மிதிப்பாராம்.

தாயார் இன்று இல்லை. அக்காவும் தைப்பதில்லை, எதிரணி இதை வேண்டுமானால் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் தன் மகளுக்குக் கடையில் பாவாடை எடுக்கும்போது அக்கா முதலில் அடி ஓரத்தைப் புரட்டி, உள்ளே எவ்வளவு மடிப்பு விட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறாள். விலை கேட்பது அதற்குப் பிறகுதான். இதைச் சுமை என்று சொல்ல எதிரணிக்கு மனம் வருகிறதா என்று நடுவரே கேட்டுச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.