எட்டு நாள் அவகாசத்தில் பர்னிங் மேனுக்குத் தனியாகக் கிளம்புகிறேன்

வணக்கம். இன்று திங்கட்கிழமை, இரவு மணி 8. நாளை விடியற்காலை 4 மணிக்குச் சாக்ரமெண்டோவிலிருந்து வண்டியைக் கிளப்பப் போகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது குப்பை மேடு அல்ல. நெவாடா பாலைவனத்தில் ஒரு வாரம் நான் உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருப்பதற்குத் தேவையான பொருட்கள். ஓராண்டாகத் திட்டமிட்டிருந்த என் தோழிக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. தன் நுழைவுச் சீட்டையும், தனியாக வாங்க வேண்டிய வாகனச் சீட்டையும் வாங்கிய விலைக்கே என்னிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குக் கிடைத்தவை எட்டே நாட்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1986இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லேரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் ஒரு மர மனிதனைச் செய்து எரித்ததில் தொடங்கிய இந்த நிகழ்வு, 1990இல் பிளாக் ராக் பாலைவனத்துக்கு இடம்பெயர்ந்தது. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தை ஒட்டிய வாரத்தில், ஏறத்தாழ 70,000 பேர் வாழும் ஒரு நகரம் அங்கே எழும்பி, பிறகு சுவடில்லாமல் கலைந்துவிடும். அங்கே பனிக்கட்டியைத் தவிர நீங்கள் விலை கொடுத்து வாங்கக்கூடிய பொருள் அநேகமாக எதுவும் கிடையாது. தண்ணீர்க் குழாய் கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுபோனதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும், கொண்டுபோனதன் மிச்சத்தையெல்லாம் திரும்ப எடுத்துவரவும் வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பொருள் பட்டியல்கள் பெரும்பாலும் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து முகாமிடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முதல் இரண்டு நாட்கள் அவற்றை நம்பிக் கடை கடையாக அலைந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தேன்: இந்த வேலையை மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லாமல் என்னால் செய்ய முடியுமா? அதற்குப் பிறகு பட்டியல் பாதியாகக் குறைந்தது.

அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது ஒரு பந்தல். பத்தடிக்குப் பத்தடி, நான்கு கால்கள், மடக்கி விரிக்கும் வகை. ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். பக்கத்துப் பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில், மாலைக் காற்று மெதுவாக வீசிய நேரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு மூலையை உயர்த்திவிட்டு எதிர் மூலைக்கு ஓடுவதற்குள் முதல் மூலை தலைகுப்புற விழுந்தது. மூன்றாவது முயற்சியில் பந்தல் முழுவதும் காற்றில் எழும்பி, நிறுத்தியிருந்த ஒரு காரை நோக்கி நடக்கத் தொடங்கியது. பூங்காவின் தென்றலுக்கே இந்தக் கதியென்றால், ஒன்றுமே தடுக்காத வறண்ட ஏரிப் படுகையில் அடிக்கும் புழுதிக் காற்றில் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் நிழல், காரின் கூரைக் கம்பியிலிருந்து தரைக்குச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஒரு நிழல் வலைதான். நம் ஊரில் நாற்றுப் பண்ணைகளில் போடுவார்களே, அதன் உறவுக்காரன். இது வெள்ளி நிறத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும். காற்று இதற்குள் புகுந்து போய்விடுவதால் வலை பட்டமாக மாறாது.

இதோ, இதைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். 14 அங்குல நீளமுள்ள திருகாணி, தலை அறுகோணமாக இருக்கிறது, அதன் கீழே ஒரு வாஷரும் மூன்று கண்ணிச் சங்கிலியும் கோத்திருக்கிறேன். அமெரிக்க மரவேலைக் கடைகளில் இதை லேக் ஸ்க்ரூ என்பார்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் அங்கே உதவாது. பலர் கட்டடக் கம்பியை வளைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். அடிப்பது கடினம், வார இறுதியில் இறுகிப்போன தரையிலிருந்து அதைப் பிடுங்குவது அதைவிடக் கடினம். இந்தத் திருகாணியை பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் என்ற திருகுக் கருவியால் பத்து நொடியில் இறக்கலாம், அதே கருவியைத் திருப்பிவிட்டால் வெளியே வந்துவிடும். ஒற்றை ஆளுக்கு இதைவிட நல்ல தோழன் இல்லை. பன்னிரண்டு வாங்கியிருக்கிறேன். இரவில் யாரும் இடறி விழாமல் இருக்க ஒவ்வொன்றின் தலைக்கும் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிக் குல்லாய் போட்டிருக்கிறேன்.

அடுத்தது புழுதி. இது கடற்கரை மணல் இல்லை. பனியுகத்தில் லஹோண்டன் என்ற பேரேரி இருந்த இடத்தில் படிந்த வண்டல், மைதா மாவைப் போல மெல்லியது, காரத்தன்மை கொண்டது. என்னிடம் ஏற்கெனவே இருந்த கூடாரத்தின் மேற்பகுதி முழுவதும் கொசுவலை. மலைப் பயணத்துக்கு அருமையானது, இங்கே அது சல்லடை. புதிதாக ஒன்று வாங்கப் பணமும் நேரமும் இல்லாததால், பழைய பருத்திப் போர்வைகளை வலையின் உட்புறம் அளவெடுத்து வெட்டி ஒட்டுப்பட்டையால் பொருத்தியிருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் விசிறியை வைத்து மாவைத் தூவிச் சோதித்தபோது உள்ளே வந்தது மிகக் குறைவு. இரண்டு நாட்களாக வீட்டில் எல்லா இடத்திலும் மாவு. மாற்றுத் துணிகள் நாள்வாரியாக ஜிப்லாக் பைகளில் இருக்கின்றன. கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் என்95 முகமூடியும் வண்டியில் அல்ல, எப்போதும் என் இடுப்புப் பையில் இருக்கும், ஏனென்றால் புழுதிப்புயல் கிளம்பினால் நீட்டிய கையே தெரியாத வெண்மைக்குள் சில நிமிடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். அப்போது செய்ய வேண்டியது நின்ற இடத்தில் உட்கார்ந்துகொள்வதுதான், முகாமைத் தேடி நடப்பதல்ல.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது கிட்டத்தட்ட 5.7 லிட்டர் என்பது அமைப்பாளர்கள் சொல்லும் அளவு. ஏழு நாளைக்கு 40 லிட்டர். நான் 57 லிட்டர் எடுத்துப்போகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெரிய ட்ரம் ஒன்றில் நிரப்பவில்லை, இரண்டரை கேலன் கொள்ளும் ஆறு கேன்கள். என்னால் ஒரே கையில் தூக்க முடிகிற எடை அதுதான், ஒன்று ஒழுகினாலும் மற்ற ஐந்து மிஞ்சும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடத் தரையில் கொட்டக் கூடாது. அதையும் கேனில் அடைத்து ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆகவே சோறு வடித்துக் கஞ்சியோடு போராடுவது மடமை. என் தீர்வு அவல். ஒரு கிண்ணத்தில் கெட்டி அவலைப் போட்டு, அது குடிக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் கழித்து வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் அடுப்பும் வேண்டாம், வடிகஞ்சியும் இல்லை. வியர்வையில் போகும் உப்பைப் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் ஈடுகட்டும். அதோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் இருக்கின்றன. தனியாக இருப்பவருக்கு வெயில் ஏறினால் "உன் முகம் சரியில்லையே, உட்கார்" என்று சொல்ல ஆள் கிடையாது என்பதால், பசிக்கிறதோ இல்லையோ கைக்கடிகாரத்தில் நான்கு முறை மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

பகலில் 38 பாகையைத் தாண்டக்கூடிய அதே இடம் இரவில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். தரையே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே கம்பளிச் சட்டையும் பருத்த தூக்கப்பையும் உண்டு. செருப்பு மாட்டிக்கொண்டு திரிகிற நம் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை: காரப்புழுதி குதிகாலை வெடிக்கச் செய்துவிடும், அந்த வறண்ட ஏரிப் படுகையைப் பிளாயா என்பார்கள், அதனால் இதற்குப் பிளாயா பாதம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூடிய காலணி, தினமும் ஒரு புதுக் காலுறை, இரவில் நீர்த்த வினிகரால் துடைத்துவிட்டுக் களிம்பு. தலையில் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு போ என்று அம்மா சொன்னார். எண்ணெயும் அந்த மாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, பின்னலை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது அந்தக் கூடுதல் தண்ணீருக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் முதல் தேதி இரவு அங்கே மழை கொட்டியது. அந்த வண்டல் நனைந்தால் சேறுகூட அல்ல, பசை. சக்கரம் சுற்றாது, நடந்தால் காலணியோடு கிலோக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். நகரத்தின் வாயிலை மூடிவிட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் இருந்த இடத்திலேயே காத்திருக்க, சனிக்கிழமை எரிய வேண்டிய மர மனிதன் திங்கட்கிழமை இரவுதான் எரிந்தான். அதனால்தான் மூன்று நாளைக்கான தண்ணீரும் அவலும் அதிகம். காலணிக்கு மேல் போட்டுக்கொள்ளத் தடித்த பிளாஸ்டிக் பைகளும் வைத்திருக்கிறேன். கழிப்பறைகளுக்கு வண்டி வர முடியாமல் போனால் சமாளிக்க மூடியுள்ள ஒரு வாளியும் உண்டு. அதைக் கிட்டத்தில் காட்டப் போவதில்லை.

மிதிவண்டி பழையது, விலை மலிவு. ஊரே விளக்கில்லாத வெட்டவெளி என்பதால் வண்டிக்கும் எனக்கும் விளக்குச் சரம் சுற்றியிருக்கிறேன். இரவில் விளக்கில்லாமல் நடப்பவர்களை அங்கே கிண்டல் செய்வதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதாம்.

வழி இதுதான்: ரீனோவைத் தாண்டி வாட்ஸ்வர்த்தில் 447ஆம் சாலையில் திரும்பி, பைரமிட் ஏரியின் பையூட் பழங்குடி மக்கள் வாழும் நிக்சன் வழியாக, பாலைவனத்தை ஒட்டிய சிற்றூரான கெர்லாக். அவர்கள் ஊருக்குள் வேகத்தை மளமளவென்று குறைக்க வேண்டும். அது சட்டம் மட்டுமல்ல, விருந்தாளியின் அடக்கமும்கூட. டயர் வெடிப்புக்குப் பேர்போன சாலை என்பதால் மாற்றுச் சக்கரத்தில் காற்றிருக்கிறதா என்று இன்று மதியம் பார்த்தேன். இல்லை. நிரப்பி வந்தேன். வாயிலில் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம், 95.1 பண்பலையில் சாலை நிலவரம் சொல்லுவார்கள். வாகனத்தைச் சோதிப்பார்கள் என்பதால் சீட்டுகள் முன்னிருக்கையில், நிழல் வலையும் திருகாணிகளும் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும்படி, துணிகள் அடியில். கடைசியாக ஏற்றுவது முதலில் தேவைப்படுவதாக இருக்கட்டும்.

நகரம் ஒரு கடிகார முகத்தைப் போல அமைந்தது. 2 மணி முதல் 10 மணி வரை ஆரக்கால் தெருக்கள், குறுக்கே அகர வரிசையில் பெயர் கொண்ட வளைவுத் தெருக்கள். முன்பதிவு செய்த முகாமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு வெளி வளைவுகளில் இடம் கிடைக்கும். இறங்கியவுடன் முகவரியை முழங்கையில் மையால் எழுதிக்கொள்வேன், ஏனென்றால் கைப்பேசி அங்கே பெரும்பாலும் வேலை செய்யாது. இரு பக்கத்து அண்டை முகாம்களுக்கும் போய் நான் தனியாக வந்திருக்கிறேன் என்று சொல்வேன். தனி ஆள் என்பதை மறைப்பதுதான் பாதுகாப்பு என்று முதலில் எண்ணியிருந்தேன்; பகல் 11 மணிக்கும் என் கூடாரம் திறக்கவில்லை என்றால் ஒருவராவது வந்து தட்ட வேண்டும் என்பதால் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். காக்கி உடையில் சுற்றும் பிளாக் ராக் ரேஞ்சர்களும் மருத்துவ முகாமும் எங்கே இருக்கும் என்பதை வரைபடத்தில் வட்டமிட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, "அங்க விக்கவும் மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்கன்னா அப்புறம் எதுக்குடி போற?" என்று கேட்டார். கொடுப்பதற்கு, என்றேன். அங்கே பண்டமாற்றுகூடக் கிடையாது, கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். "அப்ப பானகம் கரைச்சுக் கொடு" என்று உடனே தீர்ப்புச் சொன்னார். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அல்லவா! வெல்லத்தைப் பொடித்து, சுக்கும் ஏலமும் சேர்த்து இந்த இரண்டு டப்பாக்களில் அடைத்திருக்கிறேன். எலுமிச்சையும் அங்கே வாங்கும் பனிக்கட்டியும் சேர்ந்தால் மாலை 3 மணிக்கு அண்டை வீட்டார் குடிப்பார்கள். கோப்பையை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். எலுமிச்சைத் தோல் என்னோடு திரும்பி வரும்.

ஒரு கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, அங்கிருந்து காணொளி வராது. அங்கே எடுக்கும் படங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சீட்டோடு வரும் நிபந்தனை. இந்தச் சேனலில் விளம்பரம் ஓடுகிறது. அதனால் இந்தக் கேமரா வீட்டிலேயே இருக்கப் போகிறது. அதன் பெட்டிக்கு ஒதுக்கியிருந்த இடத்தில்தான் ஆறாவது தண்ணீர் கேன் இப்போது உட்கார்ந்திருக்கிறது. சரி, ஆறையும் கீழே இறக்க வேண்டும், மின்தூக்கி வேறு மாலையிலிருந்து ஓடவில்லை. நிறுத்திவிடுகிறேன்.