ஏன் பொய் சொன்னாய் என்று கேட்காதீர்கள்

அவையோர்க்கு வணக்கம்.

பேருந்தில் வந்தவர் ரயிலில் வந்தேன் என்கிறார். லாபம் என்ன? எதுவும் இல்லை. கேட்பவருக்கு எரிச்சலூட்டுவதும் அதுதான். 1891-இல் அன்டன் டெல்ப்ரூக் என்ற மனநல மருத்துவர் இப்படி லாபமின்றி ஓயாமல் பொய் சொல்லும் ஐந்து பேரைப் பற்றி எழுதி, அந்தப் பழக்கத்துக்கு 'சூடோலாஜியா ஃபென்டாஸ்டிகா' என்று பெயரிட்டார். மருத்துவர்களின் மனநோய்ப் பட்டியல்களில் தனி நோயாக இதற்கு இன்றும் இடம் கிடைக்கவில்லை.

முதலில் ஆளைப் பிரித்தறிய வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) குறைவால் வரும் கோர்சகோஃப் நோயில், நினைவில் விழுந்த ஓட்டையை மூளையே கதை கட்டி அடைக்கும். சொல்வது பொய் என்று அவருக்கே தெரியாது. பிரமையில் இருப்பவர் ஆதாரம் காட்டினாலும் அசைய மாட்டார். நாம் பேசும் ஆள் ஆதாரத்தைப் பார்த்ததும் கதையை வளைப்பார், அல்லது ஒப்புக்கொள்வார். உள்ளுக்குள் தெரிந்தேதான் சொல்கிறார்.

முகம் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்பவர்கள் இங்கும் இருப்பீர்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எது பொய், எது மெய் என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54. நாணயம் சுண்டினாலே 50 வரும்!

வெளியே லாபம் இல்லாவிட்டாலும் உள்ளே ஒன்று உண்டு. கேள்வி வந்த கணத்துப் பதற்றம் பொய்யால் தணிகிறது. அந்த நிம்மதிதான் பழக்கத்தை வளர்க்கிறது. "ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்டால் பதற்றம் மறுபடி ஏறும், பதிலாக இன்னொரு பொய் வரும்.

அதனால் விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "கட்டணம் கட்டினாயா?" என்பது பொறி. "கட்டணம் இன்னும் போகவில்லை, இன்றைக்கு எப்படிக் கட்டலாம்?" என்று தொடங்குங்கள். தனியாகப் பேசுங்கள். திருத்திச் சொல்ல ஒரு நாள் விடுங்கள். திருத்தி வந்தவரிடம் பழைய கணக்கைக் கிளறினீர்களோ, அடுத்த முறை வரமாட்டார். ஆனால் பணம், மருந்தின் அளவு, குழந்தையின் பாதுகாப்பு ஆகியவற்றில் வாய்ச்சொல் போதாது, நேரில் சரிபாருங்கள். அதில் இரக்கம் வேண்டாம்.

மாற நினைப்பவர் இரண்டு வாரம் குறிப்பெழுதலாம்: யாரிடம், என்ன, அதற்கு முந்தைய நொடியில் என்ன உணர்வு. பெரும்பாலும் இரண்டு மூன்று சூழல்களே திரும்பத் திரும்ப வரும். பிறகு, வாயிலிருந்து பொய் நழுவியவுடன் "இல்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம். முதல் சில தடவை நாக்கு எழாது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பதற்றமோ கவனக்குறைவுக் கோளாறோ இருந்தால் அதற்குச் சிகிச்சை தரலாம். மற்றபடி மனநல மருத்துவரிடம் உட்கார்ந்து பேசிப் பெறும் சிகிச்சைதான். அதிலும் ஒரு சிக்கல்: மருத்துவரிடமும் கதை போகும். சிகிச்சைக்கு வந்தவரின் சம்மதத்தோடு வீட்டார் ஒருவர் முதல் சந்திப்பிலேயே உடன் இருப்பது நல்லது.