பால்டிக் சேற்றில் அடைபட்ட மூச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

கடலடியில் இறக்கி எடுத்த சேற்றுக்குழாயை நீளவாக்கில் பிளந்து மேசைமேல் கிடத்தினால், முதலில் எழுவது அழுகிய முட்டை நாற்றம். கண்ணுக்கு வேலை அதன் பிறகுதான். மேல்பகுதி கரும்பச்சைச் சேறு, தொட்டால் தயிராகக் குழையும். அதில் அங்கங்கே வெடிப்புகள். அடைபட்டிருந்த மீத்தேன், அழுத்தம் குறைந்ததும் சேற்றைக் கிழித்துக்கொண்டு வெளியேறிய தடங்கள் அவை. விரலை வைத்துக் கீழே நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் நிறம் மாறுகிறது. சாம்பல் நிறக் களிமண், இறுகியது, நாற்றமில்லாதது. அந்தக் கோட்டில் ஓர் ஏரி முடிந்து கடல் தொடங்குகிறது.

ஸ்வீடன், பின்லாந்து, போலந்து, ஜெர்மனி முதலிய நாடுகள் சூழ்ந்த பால்டிக் கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 55 மீட்டர்தான். கடைசிப் பனியுகத்தில் அதன்மேல் பனிப்பாளம் கிடந்தது. அது உருகித் தேங்கியது பால்டிக் பனி ஏரி. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனின் பில்லிங்கன் மலையருகே பனி அணை விலக, ஏரி ஏறக்குறைய 25 மீட்டர் வடிந்தது. உப்புநீர் எட்டிப்பார்த்த யோல்டியா கடல் அடுத்து வந்தது. பனிப்பாரம் நீங்கிய நிலம் மேலெழுந்து வழியை அடைக்க, நன்னீர் ஆன்சிலஸ் ஏரி. பின்னர் கடல்மட்டம் உயர்ந்து டென்மார்க் நீரிணைகள் வழியே மீண்டும் உப்பு புகுந்தது. அது லிட்டோரினா கடல். யோல்டியா, ஆன்சிலஸ், லிட்டோரினா மூன்றும் சேற்றில் கிடைத்த சிப்பி, நத்தைகளின் பெயர்கள். ஒரு சிறு நத்தை காலத்துக்கே பெயர் தந்திருப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

லிட்டோரினா காலத்தில் கனத்த உப்புநீர் அடியில் தங்கியது. மேலே மிதந்த நன்னீரோடு கலக்காததால் ஆழத்தில் ஆக்சிஜன் வற்றியது. செத்து விழுந்த பாசி முழுதாக மட்காமல் குவிந்தது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் இன்றும் மீத்தேன் செய்கின்றன. உப்பு மிகுந்த கடல்களில், கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட் சேற்றுக்குள் ஆழமாக இறங்கி, மீத்தேனை உண்ணும் உயிர்களுக்குக் கைகொடுக்கும். பால்டிக்கில் உப்பும் குறைவு, சல்பேட்டும் குறைவு. எனவே வாயு மேலே நெருங்கி வந்து குமிழாகிறது.

கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி அடுக்குகளைப் படமெடுப்போம். குமிழ்கள் ஒலியைச் சிதறடிக்க, கீழே திரை விழுந்தாற்போல் எதுவும் தெரியாது. படம் கெட்டது என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லிட்டோரினா சேறு தடித்துக் குவிந்த இடத்தில்தான் பெரும்பாலும் அந்தத் திரை விழுகிறது. அதன் விளிம்பை வரைபடத்தில் குறித்து வந்தால், பழைய பள்ளங்களின் உருவம் தானாகத் துலங்கும்.

ஜெர்மனியின் எக்கர்ன்ஃபோர்டே விரிகுடா வாயில், 28 மீட்டர் ஆழமுள்ள போக்னிஸ் எக்கில், 1957 முதல் மாதந்தோறும் நீரை அளந்து வருகிறார்கள். இந்த ஆழத்தில் கிளம்பும் குமிழ் முழுதும் கரைவதற்குள் ஒரு பகுதி காற்றை எட்டிவிடும். மீத்தேன் புவியை வலுவாகச் சூடாக்கும் வாயு என்பதால் இது என்னைக் கவலைப்படுத்துகிறது.

பிளந்த குழாயின் உச்சிக்கே திரும்புகிறேன். அங்கே இன்னும் கெட்டிப்படாத கருஞ்சேறு இருக்கிறது. வயலுக்கு இட்ட உரம் ஆறுகளில் வந்து, பாசியைப் பெருக்கி, அடியில் இறங்கிய நம் காலத்துச் சேறு அது. மேலே மேலே படிவு விழ அதுவும் புதைந்து வாயுவாகத் தொடங்கும்.