ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு மனச்சோர்வு வருமா?

அடுத்த கேள்வி ஒரு அண்ணன் அனுப்பியது. "தங்கைக்குக் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். வேலை இருக்கிறது, பணக் கஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக யாரோடும் பேசுவதில்லை, எதைக் கேட்டாலும் அழுகிறாள். டாக்டர் டிப்ரெஷன் என்கிறார். ஒரு குறையும் இல்லாதவளுக்கு இது எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறார்.

வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் என்ன செய்கிறோம், வீட்டில் எல்லாரும் சேர்ந்து "உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கிறோம். அவளிடம் அதற்குப் பதில் இருக்காது. பதில் இல்லாததாலேயே தப்பு தன் மேல்தான் என்று முடிவு கட்டிக்கொள்வாள். காரணமில்லாத குற்ற உணர்ச்சி இந்த நோயின் அறிகுறி. அந்த ஒரு கேள்வியால் நாமே அதை அதிகமாக்கிவிடுகிறோம்.

சோகம் மட்டுமே அடையாளம் இல்லை. எதிலும் பிடிப்பு இல்லாமல் போவதும் அதே அளவு முக்கியம். இந்த இரண்டில் ஒன்றாவது, தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு ஆகியவற்றில் வரும் மாற்றங்களோடு சேர்ந்து, நாளின் பெரும்பகுதி, 2 வாரம் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். சிலருக்கு விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும். எழுந்து பல் தேய்க்க வேண்டும் என்று தெரியும், ஆனால் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் கொஞ்சம் தெளிவாகிப் பேசவும் செய்வார்கள். அதைப் பார்த்துவிட்டு, "அப்போ காலையில் நடித்தாளா?" என்பார்கள். நடிப்பு இல்லை. காலையில் மோசமாகவும் மாலையில் சற்று லேசாகவும் இருப்பது பலருக்கு இந்த நோயின் போக்கு. ஆண்களிடம் இதுவே எரிச்சலாகவோ குடியாகவோ வெளிப்படலாம். வயதானவர்கள் பலர் உடம்பு வலி என்றுதான் சொல்வார்கள்.

காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், விஷயம் அவ்வளவு எளிதல்ல. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் மரபின் பங்கு 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சிறு வயதில் பட்ட இழப்பு, பிரசவம், நீண்ட நாள் நோய், குடி, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், எல்லாம் சேரலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அதனால் ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், இதைக் கேட்கத் தயங்காதீர்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் விட்டுப் பேச வழிதான் கிடைக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். பத்து நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.