பனிக்காலம் முழுக்கக் காரை நிறுத்தி வைக்கப் போகிறீர்களா?

[காட்சி: கராஜுக்குள் ஒரு கார். திறந்த கதவு வழியே பனி மூடிய வாசல்.]

வணக்கம். மார்கழியில் ஊருக்குப் போய் பங்குனியில் திரும்புகிற குடும்பங்கள் ரொறன்ரோப் பக்கம் நிறைய. கோடையில் மட்டும் ஓட்டுகிற கார் வைத்திருப்பவர்களும் உண்டு. மூன்று நாலு மாதம் கார் அசையாமல் நிற்கப் போகிறது என்றால் எல்லோரும் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறோம். ஆனால் நின்ற காரைக் கூடுதலாகக் கெடுப்பது ஈரம். இன்று நாம் பார்க்கப் போகிற வேலைகளில் பாதி அதைத் தடுக்கத்தான்.

[காட்சி: காரின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.]

முதலில் கழுவுங்கள், முக்கியமாக அடிப்பக்கத்தை. ஒன்ராறியோ வீதிகளில் பனி விழத் தொடங்கினால் உப்பும் விழும். அடியில் ஒட்டிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இரும்பைத் தின்னும். கழுவிய கையோடு காரை நிறுத்திவிடாமல், பிரேக் தட்டுகள் காயும் வரை கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள்.

அந்த ஓட்டத்திலேயே பெற்றோலும் அடித்துவிடலாம். டாங்கை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்டெபிலைசர் என்ற மருந்தை ஊற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தால், மருந்து கலந்த பெற்றோல் எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். டாங்கை ஏன் நிரப்ப வேண்டும்? நிரம்பிய டாங்கில் ஈரக் காற்றுக்கு இடம் குறைவு. பெற்றோலில் கலந்திருக்கும் எதனோல் என்ற அல்கஹோல் அந்த ஈரத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து, டாங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

எஞ்சின் ஒயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். பழைய ஒயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அதை ஏன் குளிர்காலம் முழுக்க எஞ்சினுக்குள் விட்டுவைக்க வேண்டும்? எஞ்சினைக் குளிர வைக்கும் திரவமான கூலன்றையும் சோதித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ற் -37 பாகை செல்சியஸ் வரை தாங்கும். கூலன்றின் மூலப்பொருளான எதிலீன் கிளைக்கோல், தண்ணீரே கலக்காவிட்டால், -13 பாகை அளவிலேயே உறைந்துவிடும். ஆகவே கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

[காட்சி: பற்றரியில் வோல்ற்மீற்றர், 12.6.]

இனி பற்றரி. இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். காரைப் பூட்டிய பிறகும் அலாரம், கணினி, சாவியைத் தேடும் ரிசீவர் எல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 60 அம்பியர் மணி பற்றரி 50 நாளில் காலி. முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி கனடாக் குளிருக்கு அசையாது. காலியான பற்றரியிலோ உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர். -10 பாகை வருமுன்பே உறைந்து, கூடு வெடித்துவிடும். கராஜில் மின்சாரம் இருந்தால், தானாக நின்று தானாக ஏற்றும் மெயின்டெயினர் என்ற சார்ஜரைப் பற்றரியில் இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள், கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது பழைய காலப் பற்றரிகளுக்குச் சொன்னது. இன்றைய பிளாஸ்டிக் கூட்டுக்குப் பொருந்தாது.

[காட்சி: குளிரில் புகை கக்கும் சைலன்சர்.]

"இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடு தம்பி" என்று பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். தயவுசெய்து வேண்டாம். பெற்றோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். பத்து நிமிடத்தில் ஒயிலும் சைலன்சரும் போதிய அளவு சூடேறாது. அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். பற்றரியும் அந்தப் பத்து நிமிடத்தில் போதிய அளவு ஏறாது. பூட்டிய கராஜுக்குள் ஓடவிட்டால் கார்பன் மொனொக்சைட்டால் உயிரே போகும்.

ஹாண்ட் பிரேக் போடாதீர்கள், துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ரயருக்கு வழக்கத்தைவிடச் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காற்று அடிக்கலாம், ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். காரை மூடுவதென்றால் காற்றுப் போகும் துணி உறையால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

எலிக்கு எஞ்சின் அறை நல்ல குளிர்கால வீடு. பிள்ளைகளின் இருக்கைக்கடியில் கிடக்கும் பிஸ்கட் துண்டுகளைக் கூட்டி எடுங்கள். காற்று உள்வாங்கும் குழாயையும் சைலன்சர் வாயையும் ஸ்டீல் வூலால் அடைத்து, அதை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள். அந்தத் தாள் இல்லாமல் அடைக்கவே வேண்டாம். அடைத்தது மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணினால் செலவு பெரிது.

[காட்சி: தொலைபேசியும் இன்சூரன்ஸ் கடிதமும்.]

கடைசியாக இன்சூரன்ஸ். முழுவதையும் ரத்துச் செய்யாதீர்கள். நிற்கிற காரும் களவு போகும், தீப்பிடிக்கும். ஒன்ராறியோவில் ஓபிசிஎஃப் 16 (OPCF 16) என்ற இன்சூரன்ஸ் இணைப்புப் படிவத்தின் மூலம் வீதியில் ஓட்டுவதற்கான காப்பை மட்டும் இடைநிறுத்தலாம். லீஸ் காராகவோ கடனில் வாங்கிய காராகவோ இருந்தால், முதலில் கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும் காப்பை மறுபடி தொடங்க ஓபிசிஎஃப் 17 வேண்டும். அது கைக்கு வரும் வரை, பெற்றோல் அடிக்கக்கூடக் காரை வீதிக்கு எடுக்காதீர்கள்.