ஏற்காட்டு வளைவுகளில் ஒரு ஹெரால்டு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் காரைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, அது ஸ்போர்ட்ஸ் கார்தானா என்பது. என்னிடம் இருப்பது 1966-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவுகள் கொண்டது. அதன் எஞ்சின் 948 சி.சி.; ஆற்றல் ஏறத்தாழ 35 குதிரைத்திறன்தான். இன்று சிக்னலில் பச்சை விழுந்தால் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர் அதை எளிதாக முந்திவிடும். ஆகவே வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் ஒரு வண்டியின் குணம் அதன் எலும்பில் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். ஹெரால்டின் எலும்பு, முழுக்க முழுக்க, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு.

இதைச் சற்று விளக்க வேண்டும். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. அப்போது மற்ற நிறுவனங்களின் சிறிய கார்கள், அடிச்சட்டம் தனியாக இல்லாமல் முழு உடலும் ஒரே கூடாகப் பற்றவைத்துச் செய்யப்படும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல்கூடு செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டதால், கூட்டைச் செய்துதர ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் பழைய முறைப்படி தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ஒன்றைச் செய்து, பல இடங்களில் தயாரான உடற்பகுதிகளை அதன்மேல் போல்ட்டு போட்டு இணைக்கும் முறையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இல்லாமையில் பிறந்த அந்த முடிவுதான் இந்த வண்டியின் பெரிய வரமாயிற்று. டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலொட்டி அதற்கு உருவம் வரைந்தார். பானட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். சாய்த்துவிட்டால் எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரத்தின் ஒவ்வொரு இணைப்பும் வெட்டவெளியில் கிடப்பதுபோல் கண்முன் இருக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

அதே சேசிஸைச் சுருக்கி, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறைத்து, 1962-இல் அவர்கள் வெளியிட்ட திறந்த காருக்கு ஸ்பிட்ஃபயர் என்று பெயர். மிக்கெலொட்டிதான் அதையும் வரைந்தார். 1965-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அது தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஹெரால்டின் முன்சக்கர இணைப்புப் பாகங்களைப் பந்தயக் கார் கட்டுபவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். லோட்டஸ் செவன் போன்ற புகழ்பெற்ற வண்டிகளின் முன்பக்கத்திலும் டிரையம்ப்பின் பாகங்களே இருந்தன. சேலத்தில் கால்நடை மருத்துவராக இருந்த என் தந்தையார் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக ஓட்டிய அந்த எளிய காரின் அடியில் இருந்ததும் இதே உறுப்புகள்தாம்.

நம் நாட்டில் 1950-களில் மூன்றே நிறுவனங்கள் கார் செய்தன. கல்கத்தாவுக்கு அருகில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. துண்டு துண்டாகப் பிரித்து இணைக்கக்கூடிய வண்டி என்பதால், பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாட்டில் ஹெரால்டைக் கட்டுவது எளிதாக இருந்தது. 1961 முதல் வண்டலூரில் அது உருவாகத் தொடங்கியது. பின்னர் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டும், 1970-களில் கெஸல் என்ற புது வடிவமும் வந்தன. கடைசியாக 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 நிலைக்கவில்லை. 1988-இல் ஆலை மூடப்பட்டது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைபட்டு உருவான காரைப் பற்றி இன்று இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்குப் பெரிய வருத்தம்.

என் தந்தையார் 1971-இல் இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார். இளநீல நிறம். முன் இருக்கையை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும் என்பதால் என் பாட்டிக்கு அந்த வண்டி கடைசிவரை பிடிக்கவில்லை. "புதையலா எடுக்கப் போறேன், இப்படிக் குனிஞ்சு நுழையறதுக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஆனால் ஏற்காட்டுக்குப் போகும் நாளில் மட்டும் மறுப்புச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஹெரால்டு என்ன வண்டி என்பதை நான் அறிந்துகொண்டது அங்கேதான். அதன் முன்சக்கரங்கள் மற்ற கார்களின் சக்கரங்களைவிட மிக அதிகமாகத் திரும்பும். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் முழு வண்டியும் சுற்றிவிடும். பெரிய கார்கள் சாலையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்புகிற வளைவில், ஹெரால்டு தன் பாதியை விட்டு வெளியேறாமல், ஒரே வீச்சில் திரும்பி மேலே ஏறும். ஸ்டியரிங்கில் அசைவு வீணாவதில்லை. கையை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு வண்டியும் நகரும். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே ஏறும்போது வேகமானி 25 மைலுக்கு மேல் காட்டாது. ஆனாலும் வண்டி ஓட்டுபவருடைய கையும் காலும் இடுப்பும் வண்டியோடு சேர்ந்து வேலை செய்வதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சிறுவனாகிய எனக்கு அது பறப்பதுபோல் இருந்தது.

இறங்கும்போதுதான் அப்பாவின் முகத்தில் கவனம் கூடும். அதற்குக் காரணம் பின்சக்கரங்களின் அமைப்பு. சாதாரணக் கார்களில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு நேராக இணைக்கும். ஹெரால்டில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி சேசிஸோடு பொருத்தப்பட்டிருக்க, இரண்டு பக்கமும் தனித்தனித் தண்டுகள் பறவையின் இறக்கைகளைப் போல மேலும் கீழும் அசையும். குறுக்கே கிடக்கும் ஒரே பட்டைவில், அதாவது லீஃப் ஸ்பிரிங், இரண்டையும் தாங்கும். மேடுபள்ளமான சாலையில் இது சொகுசு. ஆனால் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி மேலெழும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொட, பிடிப்பு போய் வண்டியின் வால் வெளியே வீசும். இது உலகறிந்த குணம், ஸ்பிட்ஃபயருக்கும் இருந்தது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அப்பா சொன்னது: "வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சுக்கப்பா. உள்ள போனதுக்கு அப்புறம் காலை எடுக்காத." பிரேக், பிறகு கியர், அதன்பின் ஸ்டியரிங், கால் அப்படியே நிலையாக. இந்த ஒழுங்கில் ஓட்டினால் ஹெரால்டு ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

1970-களின் பிற்பகுதியில், கல்லூரியில் படிக்கும்போது, சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தைப் பார்க்கச் சென்னைக்கு வந்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது. வெயிலில் வெந்த கான்கிரீட் தளம், ஓரத்தில் வைக்கோல் கட்டுகள், காதைத் துளைக்கும் ஓசை. பின் இருக்கையும் பம்பரும் கழற்றப்பட்ட ஒரு ஹெரால்டு, வளைவில் பின்சக்கரம் மடங்க மடங்க, வாலை வீசிக்கொண்டே ஃபியட்டுகளுக்கு நடுவில் புகுந்து போனதை நான் பார்த்தேன். அப்பா தவிர்க்கச் சொன்ன அதே அசைவை அந்த ஓட்டுநர் தெரிந்தே வரவழைத்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து நிறுத்தினார். வீட்டில் நிற்கும் இளநீல வண்டியின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை திறக்கப்பட்ட பிறகு சோழவரம் ஓய்ந்துவிட்டது.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எவராக இருந்தாலும் ஒரு சொல்லை மறக்கக் கூடாது: டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிப்பகுதியில் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். அது வெண்கல உறை ஒன்றுக்குள் திருகப்பட்டிருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரை உறைக்குள் திரும்பும். அந்த உறைதான் டிரன்னியன். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராமல் மேலேயே இறுகிவிடும். உள்ளே ஈரம் புகுந்து தண்டு துருவேறி, ஒருநாள் சொல்லாமல் ஒடியும். எங்களுக்கு அது 1983-இல் ஓமலூர்ச் சாலையில் நேர்ந்தது. ஒரு பட்டறையில் நல்லெண்ணத்தோடு எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துக்கொடுத்திருந்தார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்தப்போன வேளையில் இடது முன்சக்கரம் மடிந்து படுத்துவிட்டது. நடை வேகத்தில் போனதால் யாருக்கும் அடிபடவில்லை. அதன்பிறகு பதினைந்து ஆண்டுகள் அந்த வண்டி வேப்பமரத்தடிக் கொட்டகையில் மரக்கட்டைகளின்மேல் நின்றது.

1998-இல், தந்தையார் காலமாகி ஓராண்டு கழிந்ததும், அதை எழுப்பினேன். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் எத்தனையோ நாட்கள் அலைந்தேன். ஆலை மூடப்பட்ட வண்டிக்குப் புதிய பாகம் என்று எதுவும் கிடையாது. யாரோ கழித்ததில் நல்லதைப் பொறுக்குவதும், கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வதுமே வழி. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள் அரித்துப்போயிருந்தன. உடலைப் போல்ட்டு கழற்றித் தூக்கி வைத்துவிட்டு அவற்றை வெட்டி, புதிதாகப் பற்றவைத்தோம். வேறு வகைக் காராக இருந்தால் அந்த அளவு துருவுக்கு இரும்புக்கடைதான் கதி. 1953-இல் கூடு செய்ய ஆள் கிடைக்காத அந்த நெருக்கடிதான் சேலத்தில் என் காரைக் காப்பாற்றியது என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில், அனுபவம் மிக்க ஒரு மெக்கானிக் எனக்கு ஒரு யோசனை சொன்னார். கெஸலில் இந்தப் பறவை இறக்கை அமைப்பை நீக்கிவிட்டு, வழக்கமான நேர்த்தண்டைப் போட்டார்கள். "அதை மாத்திடலாம் தம்பி. வளைவுல பயமே இருக்காது" என்றார். அவர் சொன்னது நியாயமானது. பாதுகாப்பு என்று பார்த்தால் சரியும்கூட. இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்றேன். அதை மாற்றிவிட்டால் அப்பா கற்றுக்கொடுத்த ஓட்டுமுறைக்குத் தேவையே இல்லாமல் போகும். வண்டி நினைவுக்காகத்தான் என்றால், அந்த நினைவு உட்கார்ந்திருக்கும் உறுப்பைக் கழற்றிவிட்டு மீதியை வைத்திருப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு, அதாவது வால்வுகள் வந்து அமரும் இடங்களுக்கு, ஒரு மெத்தைபோல் இருந்தது. 2000-க்குள் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் நலத்துக்கும் அது மிகவும் தேவையான மாற்றம். நான் கடினமான வால்வு இருக்கைகளைப் பதித்துக்கொண்டேன். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் ஜவ்வையும் அது தின்றுவிடும். ஆகவே அவற்றையும் மாற்றிவிட்டேன். நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கைக் காலியாக வைப்பதே நல்லது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் ஒன்றிய அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண் தகட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய வண்டிகளுக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். என் ஹெரால்டு ஏற்காட்டுக்குப் போக வேண்டிய வண்டி. அதனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்கிறேன். அதே எண், அப்பாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாறிய அதே ஆர்.சி. புத்தகம்.

அடுத்த மாதம் மீண்டும் ஆய்வாளர் முன் வண்டியைக் காட்ட வேண்டும். விளக்குகளைச் சரிபார்த்தாயிற்று, கைபிரேக் கம்பியைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டை முன்னால் சாய்த்து, டயர்மேல் உட்கார்ந்து, இரண்டு டிரன்னியன்களுக்கும் எண்ணெய் விடப்போகிறேன்.

நன்றி. வணக்கம்.